பிள்ளையின் தலை ஒரு பக்கம் தட்டை: பொறுப்பதா, பயிற்சியா, ஹெல்மெட்டா?

நாலு மாதம் முடியப் போகிறது. பின்னந்தலை வலது பக்கம் தட்டையாகிவிட்டது. குழந்தை டாக்டர் “பொறுத்துப் பார்க்கலாம்” என்கிறார். தலை வடிவத்தைச் சரிசெய்யக் கைக்குழந்தைக்கு மாட்டும் ஹெல்மெட்டைச் செய்து தரும் வெளியூர் சென்டர் ஒன்றுக்குப் போன் போட்டால் “ஆறு மாதத்துக்குள் ஹெல்மெட் போட்டுவிடுங்கள், அப்புறம் பலன் குறையும்” என்கிறார்கள். அப்பத்தாவோ, எண்ணெய் தடவி நாலு உருட்டு உருட்டினால் தலை வட்டமாகிவிடும் என்று சட்டியைச் சூடு பண்ணிக்கொண்டிருக்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று ஊர்தான் மாறுகிறதே தவிர, என்னிடம் வரும் கேள்வி இதுதான். எங்கள் மகள் ஹெல்மெட் போட்டு வளர்ந்தவள் என்பது சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்த சேதி. அதனால் நான் ஹெல்மெட் கட்சி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோரிடம் “இப்போதைக்கு வேண்டாம்” என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஏன் என்பதையும், யாரிடம் “போடுங்கள்” என்று சொல்வேன் என்பதையும் கீழே எழுதுகிறேன்.

தேர்வே இல்லாத ஒரு நிலை

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றை ஒதுக்கிவிட வேண்டும். பிறந்த குழந்தையின் மண்டை ஓடு பல எலும்புத் தட்டுகளால் ஆனது. நடுவே இணைப்புகள் இருக்கும். மூளை வளர வளர அவை விரிந்து கொடுக்கும். ஏறக்குறைய 2000 முதல் 2500 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இந்த இணைப்புகளில் ஏதாவது ஒன்று காலத்துக்கு முன்பே மூடிக்கொள்கிறது. அதற்கு வைத்தியம் அறுவை சிகிச்சைதான். முதல் மூன்று நான்கு மாதங்களுக்குள் கண்டுபிடித்தால் சிறு துளை வழியாகச் செய்யும் வாய்ப்பு உண்டு. அப்படிச் செய்தால் பிறகு ஹெல்மெட்டும் சிகிச்சையின் ஒரு பகுதி. தாமதமானால் பெரிய அறுவையாகிவிடும். ஆகவே “பொறுத்துப் பார்ப்போம்” என்ற பேச்சு இந்தக் குழந்தைகளுக்குப் பொருந்தாது.

வீட்டில் எப்படிச் சந்தேகப்படுவது? குளிப்பாட்டி முடித்து முடி ஈரமாக இருக்கும்போது உச்சிக்கு நேர் மேலே இருந்து பாருங்கள். படுக்கையால் வந்த தட்டை என்றால், தட்டையான பக்கத்துக் காது கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும். அதே பக்கத்து நெற்றியும் லேசாக முன்னால் வந்திருக்கும். மொத்தத் தலையும் சாய்ந்த செவ்வகமாகத் தெரியும். பின்பக்க இணைப்பு மூடியிருந்தால் காது பின்னாலும் கீழேயும் இழுபட்டிருக்கும், காதுக்குப் பின்னால் எலும்பு புடைத்திருக்கும். பிறந்த அன்றே இருந்த கோணல், தடவினால் கையில் தட்டும் கெட்டியான வரப்பு, சீக்கிரமே மூடிய உச்சிக்குழி, வளராத தலைச் சுற்றளவு, மாதாமாதம் மோசமாகும் வடிவம் இவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் நரம்பியல் அறுவை நிபுணரிடம் போங்கள். பெரிய ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது.

படுக்கையால் வந்த தட்டை பிறந்தவுடன் பெரும்பாலும் தெரியாது. முதல் சில வாரங்களில் மெல்ல மெல்லத் தெரியவரும். அனுபவமுள்ள மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடுவார். எல்லாப் பிள்ளைக்கும் சி.டி. ஸ்கேன் தேவையில்லை.

இனி சொல்வதெல்லாம் படுக்கையால் வந்த தட்டைக்கு மட்டும்.

எதையெல்லாம் வைத்து முடிவெடுப்பது

முதலாவது வயது. பிறக்கும்போது தலைச் சுற்றளவு சுமார் 34, 35 செ.மீ. முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த மூன்று மாதங்களில் மாதத்துக்கு 1 செ.மீ., ஆறிலிருந்து ஒரு வயது வரை மாதத்துக்கு அரை செ.மீ. என்ற கணக்கில் வளரும். எந்த வழியானாலும் தலையை வட்டமாக்குவது இந்த வளர்ச்சிதான். படுக்கையை மாற்றினாலும் ஹெல்மெட் போட்டாலும், வளர்ச்சியை எந்தப் பக்கம் விடுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. ஒரு வயது தாண்டினால் எதற்குமே பலன் குறைவு. “ஆறு மாதத்துக்குள்” என்று சென்டர்காரர்கள் அவசரப்படுத்துவதில் வியாபாரமும் உண்டு, உண்மையும் உண்டு.

இரண்டாவது எவ்வளவு தட்டை என்பது. நெற்றியின் ஒரு மூலையிலிருந்து பின்னந்தலையின் எதிர் மூலைக்கு ஒரு அளவு, மற்ற இரண்டு மூலைக்கு இன்னொரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மில்லிமீட்டரில் சொல்வார்கள். அளவுகோல் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். பொதுவாக 10 மி.மீ.க்கு உள்ளே என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாத வகை, 10, 12-ஐத் தாண்டினால் மிதமானதிலிருந்து கடுமையானது வரை. எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். “நல்லாவே தட்டையா இருக்கும்மா” என்பது அளவாகாது.

மூன்றாவது காரணம். பிள்ளை எப்போதும் ஒரே பக்கம்தான் முகத்தைத் திருப்புகிறதா? ஒரு மார்பில் மட்டும் நன்றாகப் பால் குடித்து மற்றதில் அழுகிறதா? தலை ஒரு தோளை நோக்கிச் சாய்ந்திருக்கிறதா? அப்படியென்றால் கழுத்துத் தசை இறுக்கமாக இருக்கலாம். அதைச் சரி செய்யாமல் தலையை மட்டும் சரி செய்ய முடியாது.

கடைசியாக வீடு. இதை யாரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நம் பக்கத்தில் பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீடு வருவோம். முடிவெடுக்க வேண்டிய காலமும் சரியாக அதுவே. அம்மாச்சி பழகிவைத்த படுக்கை முறை ஒரு வீட்டோடு போய்விடும், அடுத்த வீட்டில் அப்பத்தாவுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். தனியார் வேலையில் இருக்கும் தாய்க்கு 26 வார விடுப்பு. அது முடியும் வேளையில் ஹெல்மெட் நடுவழியில் இருக்கும். தமிழ்நாடு அரசு ஊழியர் என்றால் 2021-லிருந்து ஒரு வருடம் கிடைக்கிறது, கொஞ்சம் மூச்சு விடலாம். பகலில் பிள்ளையைப் பார்ப்பவர் யார், அவருக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். காசைப் பற்றி அப்புறம் பேசலாம்.

வழி ஒன்று: படுக்கையை மாற்றிக்கொண்டே பொறுத்திருப்பது

வெறுமனே பொறுத்திருப்பது வேறு, இது வேறு. இதிலும் தினசரி வேலை உண்டு.

தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். திடீர்த் தொட்டில் மரணத்தை, அதாவது தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் கைக்குழந்தை இறந்துபோவதை, குறைத்தது அந்தப் பழக்கம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-ல் அதைப் பரிந்துரைத்த பிறகு அங்கே அந்த மரணங்கள் குறைந்தன, தட்டைத் தலைகள் கூடின. இந்த இரண்டில் எது பெரிது என்பதில் விவாதமே இல்லை. தலை வடிவத்துக்காகக் குப்புறப் போட்டுத் தூங்க வைக்காதீர்கள்.

விழித்திருக்கும் நேரம்தான் நம் கையில் இருப்பது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னபடி, தவழாத குழந்தைக்கு நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து மொத்தம் அரை மணி நேரமாவது, ஆள் பக்கத்தில் இருக்க, குப்புறப் படுக்கை வேண்டும். பாயில் போட்டால் அழுகிற பிள்ளை தாத்தா நெஞ்சில் சமத்தாகக் கிடக்கும். அதுவும் கணக்கில் சேரும்.

அப்புறம் மின்விசிறி. நம் வீடுகளில் அறைக்கு ஒன்றுதான் இருக்கும், பிள்ளை அதையே பார்த்துக் கிடக்கும். ஜன்னல் வெளிச்சமும் அம்மா படுக்கும் பக்கமும் அப்படியே. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் போட்டாலே, பார்க்கும் திசை மாறிவிடும். தூக்கும் தோளையும் மாற்றுங்கள்.

செலவு கிட்டத்தட்ட எதுவுமில்லை. மறைந்திருக்கும் செலவு காலம். நாலு வாரம் ஒழுங்காகச் செய்தோமா, அல்லது செய்ததாக நினைத்தோமா என்பது தெரியாமல் இரண்டு மாதம் ஓடிவிடும். அதற்கு ஒரு சின்ன வழி: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் இருந்து உச்சிப் படம் எடுத்து வையுங்கள். பார்வை ஏமாற்றும், படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏமாற்றாது.

எப்போது இது சரி: நாலு மாதத்துக்கு உள்ளே இருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் முதல் படி இதுதான். லேசான தட்டை என்றால் பெரும்பாலும் இதுவே கடைசிப் படியும். உருண்டு புரண்டு தானாக உட்காரத் தொடங்கிவிட்டால் பின்னந்தலையில் பாரம் விழும் நேரம் தானாகவே குறைந்துவிடும்.

எப்போது போதாது: கழுத்து இறுக்கம் இருக்கும்போது. நீங்கள் எந்தப் பக்கம் தலைமாட்டை மாற்றினாலும் பிள்ளை தன் பழைய பக்கத்துக்கே திரும்பும்.

வழி இரண்டு: பிசியோதெரபி

என்னைக் கேட்டால், நம் ஊரில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் வழி இதுதான். ஹெல்மெட் என்றால் ஒரு பொருள் கைக்கு வருகிறது, காசு கொடுத்த திருப்தி வருகிறது. பயிற்சியில் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை, அதனால் மதிப்பும் இல்லை.

கழுத்து இறுக்கத்துக்குச் செய்யும் வேலை எளிது: இறுகிய தசையை மெல்ல நீட்டுவது, எதிர்ப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பழக்குவது, குப்புறப் படுக்கையில் தலையைத் தூக்க வைப்பது. சொல்லிக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் சில நிமிடம் வீட்டிலேயே செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு சீக்கிரம் முடியும். முதல் மாதங்களில் தொடங்கிய பிள்ளைக்குச் சில வாரங்களில் சரியாவது, ஆறு மாதத்துக்கு மேல் தொடங்கினால் பல மாதம் இழுக்கும். அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர்களின் அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், படுக்கையை மாற்றுவதை மட்டும் செய்வதைவிடப் பயிற்சி மேல் என்று இருக்கிறது.

பணச் செலவு அரசு மருத்துவமனையில் பெரிதாக இல்லை, தனியாரில் ஒவ்வொரு அமர்வுக்கும் கட்டணம். மறைந்த செலவு அரசு மருத்துவமனையில் காத்திருக்கும் நேரம். கிராமத்திலிருந்து வருபவருக்கு அரை நாள் போய்விடும். வாரம் ஒருமுறை வந்து கற்றுக்கொண்டு மற்ற நாளில் வீட்டில் செய்வதாகத் தெரபிஸ்டிடம் பேசிக்கொள்ளலாம். நல்ல தெரபிஸ்ட் அதற்கு ஒத்துக்கொள்வார். பெரியவர்களை மட்டும் பார்த்துப் பழகியவராக இல்லாமல், கைக்குழந்தைகளைப் பார்ப்பவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பிள்ளை அழும். “பச்சைப் பிள்ளை கழுத்தைப் போய் திருகுறாங்களே” என்று வீட்டில் பேச்சு வரும். முதல் அமர்வுக்கு அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டால், திருகல் எதுவும் நடக்கவில்லை என்று அவரே பார்த்துக்கொள்வார். இதைத் தவிர வேறு எந்த வாதமும் எடுபடாது.

வழி மூன்று: ஹெல்மெட்

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஹெல்மெட் தலையை நசுக்காது. வெளியே கெட்டி பிளாஸ்டிக் ஓடு, உள்ளே மெத்தென்ற நுரைப்பஞ்சு. துருத்திய இடத்தில் ஒட்டி உட்காரும், தட்டையான இடத்தில் இடைவெளி விட்டிருக்கும். வளரும் தலை அந்த இடைவெளிக்குள் வளரும். எடை சுமார் கால் கிலோவுக்குள். ஒவ்வொரு தலைக்கும் ஸ்கேன் அல்லது அச்சு எடுத்துத் தனியாகச் செய்வார்கள், ஆகவே ஒருவர் போட்டு முடித்ததை இன்னொருவருக்கு வாங்கிப் போட முடியாது. “உங்க பிள்ளையோடது சும்மாதானே இருக்கு, கொடுங்களேன்” என்று கேட்டவர்கள் உண்டு.

நாளுக்கு 23 மணி நேரம். கழற்றும் ஒரு மணி நேரத்தில் குளியல், தலை காய்வது, ஹெல்மெட்டைத் துடைப்பது எல்லாம் முடிய வேண்டும். முதல் வாரம் ஒரு மணி, இரண்டு மணி என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். சில வாரத்துக்கு ஒருமுறை போய் உள்ளே பஞ்சைச் செதுக்கி இடம் கொடுத்து வர வேண்டும். நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலும் மூன்று நாலு மாதம். பிந்தித் தொடங்கினால் இன்னும் நீளும்.

*பலன் எவ்வளவு?* நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. ஐந்து ஆறு மாதத்தில் மிதமானது முதல் கடுமையானது வரை தட்டை இருந்த பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு வயதில் அளந்தபோது, ஹெல்மெட் போட்டவர்களில் 26 சதவீதம், போடாதவர்களில் 23 சதவீதம் முழுமையாகச் சரியாகியிருந்தார்கள். அதாவது பெரிய வித்தியாசம் இல்லை. இதை வைத்து ஹெல்மெட்டே ஏமாற்று என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். அதே ஆய்வில் மிகக் கடுமையான தட்டையும் கழுத்து இறுக்கமும் உள்ள பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. பல பிள்ளைகளுக்கு ஹெல்மெட் சரியாகப் பொருந்தவும் இல்லை. எனவே அது சொல்வது இவ்வளவுதான்: நடுத்தரத் தட்டைக்கு ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. 2016 வழிகாட்டுதலோ, மற்ற முயற்சிகளுக்குப் பிறகும் மாறாத மிதமான, கடுமையான தட்டைக்கு ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்கு முரண்பாடு தெரியவில்லை.

*வெயில்.* நெதர்லாந்து ஆய்விலேயே வியர்வை, நாற்றம், தோல் சிவப்பு என்று பெற்றோர்கள் முறையிட்டார்கள். அந்தக் குளிர் நாட்டிலேயே அப்படியென்றால், சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் மதுரையில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் காலம் அக்னி நட்சத்திரத்தில் விழுமா, ஐப்பசி மழையில் விழுமா என்பது பிறந்த மாதத்தைப் பொறுத்தது. கோடையில் விழுந்தால் ஏ.சி. கிட்டத்தட்டக் கட்டாயம், மின்கட்டணத்தை ஹெல்மெட் விலையோடு சேர்த்தே எழுதுங்கள். உடம்புக்கு ஒற்றைப் பருத்திச் சட்டை போதும். வியர்க்குருவுக்குப் பவுடர் போடும் பழக்கத்தைத் தலையில் காட்டாதீர்கள். எண்ணெயும் கூடாது, பஞ்சு உறிஞ்சிக்கொண்டு தோலை அரிக்கும். துடைத்த ஹெல்மெட்டை மொட்டை மாடி வெயிலில் காயப்போடவோ, நிறுத்திய காருக்குள் விட்டுவிடவோ வேண்டாம். சூட்டில் வடிவம் கெடலாம். ஃபேன் காற்று போதும்.

கழற்றும்போது தோல் சிவந்திருப்பது சகஜம். ஒரு மணி நேரத்துக்குள் அந்தச் சிவப்பு மறைய வேண்டும். மறையாவிட்டால், தோல் உரிந்தால், மறுபடி மாட்டாமல் போன் பண்ணுங்கள். காய்ச்சல் வந்தாலும் கழற்றிவிட வேண்டும். ஒன்பதாம் மாதம் தட்டம்மைத் தடுப்பூசி போட்டு உடம்பு சுட்டால் அந்த நாட்கள் விடுமுறை.

*தூரம்.* இங்கேதான் பலரின் கணக்கு உடைகிறது. ஹெல்மெட்டின் விலை ஒரு முறை. ஆனால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று நாலு மாதத்தில் ஆறு எட்டு தடவை போக வேண்டும். மதுரையிலிருந்து சென்னை சுமார் 460 கி.மீ. வைகை ரயிலில் பகலில் போய், மறுநாள் பார்த்துவிட்டு, பாண்டியன் ரயிலில் இரவு திரும்பினால் ஒவ்வொரு நடைக்கும் டிக்கெட், தங்கல், ஆட்டோ, கூட வரும் ஒருவரின் சம்பள நாள். கோயம்புத்தூர் அதில் பாதி தூரம்கூட இல்லை. மதுரைக்கே டெக்னீஷியன் வந்து பார்க்கும் ஏற்பாடு இருந்தால் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அதுதான் மலிவு. போகவர முடியாமல் சரிபார்ப்பைத் தள்ளிப்போட்டால், வளர்ந்த தலையை ஹெல்மெட் தடுக்க ஆரம்பித்துவிடும். சரிபார்ப்புக்குப் போக முடியாத வீட்டுக்கு ஹெல்மெட் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

*கோவில், சடங்கு.* முதல் மொட்டை குலதெய்வக் கோவிலில் என்றால், ஹெல்மெட்டுக்கு அளவெடுக்கும் முன்பே முடித்துவிடுவது வசதி. அடர்த்தியான முடி இருக்கும்போது அளவெடுத்து, நடுவில் மொட்டை போட்டால் ஹெல்மெட் தொளதொளக்கும். நடுவில்தான் போட்டாக வேண்டும் என்றால் டெக்னீஷியனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கத்தி பட்ட கீறல் ஆறி, சந்தனத்தைச் சுத்தமாகக் கழுவிய பிறகே மாட்ட வேண்டும். காதுகுத்தை ஹெல்மெட் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். தாய்மாமன் கோபித்துக்கொள்ள மாட்டார், மடியில் உட்கார வைக்கும் உரிமை எங்கேயும் போகாது.

*தெரு.* மாட்டுத்தாவணியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றால், “என்னத்தா, பிள்ளைக்குத் தலையில ஆபரேசனா?” என்று கேட்காத ஆள் இல்லை. “பைக்ல வந்துச்சோ?” என்று சிரிப்பவர்களும் உண்டு. “எலும்பு வட்டமா வளர்றதுக்கு, பல்லுக்குக் கம்பி போடுற மாதிரி” என்று ஒரே பதிலை வைத்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. பிள்ளைக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதது நமக்குத்தான்: பால் கொடுக்கும்போது ஓட்டின் விளிம்பு கையில் அழுந்தும், தூக்கும்போது தாடையில் இடிக்கும், கன்னத்தோடு கன்னம் வைக்க ஒரு மணி நேரம்தான் கிடைக்கும்.

எப்போது இது சரி: ஐந்து ஆறு மாதம் ஆகியும், படுக்கை மாற்றமும் பயிற்சியும் உண்மையாகவே செய்து பார்த்தும், அளவு மிதத்துக்கு மேலே நிற்கிறது, நெற்றியும் காதும் கண்ணுக்குத் தெரியும்படி விலகியிருக்கின்றன, சரிபார்ப்புக்குப் போய்வர வழியிருக்கிறது, பகலில் பார்ப்பவர் ஒத்துழைப்பார். இந்த நாலும் சேர்ந்தால் தயங்காதீர்கள்.

தலையணை, சும்மாடு, உருட்டல், தூளி

இவற்றை ஒரு வழியாக நான் எண்ணுவதில்லை. கேட்பவர்கள் கேட்பதால் சொல்கிறேன்.

கடுகுத் தலையணை, நடுவில் குழி வைத்த தலையணை, துணியைச் சும்மாடாகச் சுருட்டித் தலைக்குக் கீழே வைப்பது எல்லாம் தூங்கும் கைக்குழந்தைக்கு மூச்சுத்திணறல் ஆபத்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 நவம்பரில் தலை வடிவத் தலையணைகளை வாங்க வேண்டாம் என்றே எச்சரித்தது. ஆன்லைனில் நட்சத்திரம் நிறைய வாங்கியிருக்கும், பார்த்து மயங்காதீர்கள்.

எண்ணெய்க் குளியலில் தலையை அழுத்தி உருட்டுவதால் எலும்பின் வடிவம் மாறாது. எண்ணெய் தேய்ப்பது வேண்டாம் என்று சொல்லவில்லை. காலில் போட்டுக் குளிப்பாட்டும் அந்த அரை மணி நேரம் பிள்ளைக்கும் பாட்டிக்கும் நல்லது. அழுத்தம் மட்டும் வேண்டாம், உச்சிக்குழிப் பக்கம் கையே வேண்டாம். அந்த நேரத்தையே குப்புறப் போட்டு முதுகுக்கு எண்ணெய் தேய்க்கும் நேரமாக மாற்றிவிட்டால், பயிற்சியும் ஆயிற்று, அப்பத்தாவின் வேலையும் கெடவில்லை. சேலைத் தூளியில் உடம்பு வளைந்து, கழுத்து ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கும். அழுகையை நிறுத்த ஆட்டலாம்; தூங்கியதும் சமமான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரு பார்வையில்

| | படுக்கை மாற்றம் | பிசியோதெரபி | ஹெல்மெட் |
|---|---|---|---|
| தொடங்க நல்ல வயது | பிறந்ததிலிருந்து | இறுக்கம் தெரிந்த அன்றே | 4–6 மாதம் |
| எந்தத் தட்டைக்கு | லேசானது | கழுத்து இறுக்கத்தோடு வந்தது. மிதமானது | மாறாமல் நிற்கும் மிதமானது, கடுமையானது |
| தினசரி வேலை | விழித்திருக்கும் நேரமெல்லாம் | துணி மாற்றும்போதெல்லாம் சில நிமிடம் | 23 மணி நேரம் மாட்டல், தினமும் துடைத்தல் |
| கையை விட்டுப் போகும் பணம் | இல்லை | குறைவு முதல் நடுத்தரம் | மிக அதிகம் |
| மறைந்த செலவு | ஓடிப்போகும் மாதங்கள் | காத்திருப்பு, வீட்டாரின் எதிர்ப்பு | பயணம், ஏ.சி., விடுப்பு, சில சமயம் இரண்டாவது ஹெல்மெட் |
| மதுரைக் கோடையில் | சிக்கல் இல்லை | சிக்கல் இல்லை | கடினம் |
| எப்போது வேண்டாம் | கழுத்து இறுக்கம் இருந்தால் இது மட்டும் போதாது | கைக்குழந்தை அனுபவம் இல்லாதவரிடம் | ஒரு வயதுக்கு மேல். சரிபார்ப்புக்குப் போக முடியாவிட்டால் |

மாதக் கணக்கில் என் ஆலோசனை

இரண்டு மூன்று மாதப் பிள்ளை: ஹெல்மெட் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். கழுத்தைக் காட்டுங்கள், படுக்கையை மாற்றுங்கள், படம் எடுத்து வையுங்கள்.

நாலு மாதம்: அளவு எடுத்து எண்ணை எழுதி வாங்குங்கள். ஆறு வாரம் பயிற்சி, பிறகு மறுபடி அளவு. எண் இறங்கினால் அதே வழியில் தொடருங்கள்.

ஐந்தரை, ஆறு மாதம், எண் இறங்கவில்லை, மிதத்துக்கு மேல்: இது ஒன்றுதான் உண்மையிலேயே உட்கார்ந்து பேச வேண்டிய கட்டம். மேலே சொன்ன நாலும் இருந்தால் ஹெல்மெட். இல்லையென்றால் பயிற்சியைத் தொடருங்கள். பெண் பிள்ளை, நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயத்துக்காக மட்டும் கடன் வாங்கிப் போடாதீர்கள். தட்டைத் தலையால் மூளை கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதே சமயம் ஒன்று: தட்டைத் தலை உள்ள பிள்ளைகளில் குப்புற விழுவது, உட்காருவது தாமதமாகும் பிள்ளைகள் கொஞ்சம் அதிகம். அசைவு குறைந்ததால் தலை தட்டையாகியிருக்கலாம், ஆகவே அதையும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

பத்து மாதத்துக்கு மேல்: நான் என்றால் செலவு செய்ய மாட்டேன். முடி வளரும், தலையும் வளரும், மிச்சம் இருப்பது பெரும்பாலும் அம்மாவின் பார்வைக்கு மட்டுமே தெரியும்.

ஹெல்மெட் என்று முடிவானால், முன்பணம் கட்டும் முன்

சொல்லும் விலையில் ஸ்கேன், எல்லாச் சரிபார்ப்புகள், பிள்ளை வளர்ந்து இரண்டாவது ஹெல்மெட் தேவைப்பட்டால் அதன் விலை எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். காப்பீடு தருமா என்பதை சென்டரிடம் கேட்காமல் காப்பீட்டு நிறுவனத்திடமே கேளுங்கள். பதில் வரும்வரை அது கைக்காசு என்றே கணக்குப் போடுங்கள். தொடக்கத்தில் எடுத்த அளவின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும், முடிவில் ஒப்பிட அதுதான் ஆதாரம். சரிபார்ப்பவர் யார், அவர் மதுரைக்கு வருவாரா, அவர் விடுப்பில் போனால் மாற்று யார்? இணைப்பு மூடியிருக்கிறதா என்று மருத்துவர் ஒருவர் பார்த்து எழுதிய சீட்டைக் கேட்காமலேயே ஸ்கேனுக்கு நாள் கொடுக்கும் சென்டர் என்றால் வேறு இடம் பாருங்கள். அளவெடுத்த நாளிலிருந்து ஹெல்மெட் கைக்கு வர எத்தனை நாள் என்றும் கேளுங்கள். அந்த வயதில் தலை வாரத்துக்கு வாரம் வளர்கிறது; தாமதமானால் பழைய அளவை வைத்தே மாட்டிவிடாமல், மறுபடி ஸ்கேன் எடுப்பார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் அதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.